இடக்கைப் பழக்கத்துக்கும் காட்சி நினைவுக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி:
ஒன்பது வயதான என் மகளுக்கு இடக்கைப் பழக்கம். பாடத்தில் ஒரு விடை நினைவுக்கு வராதபோதும், அது இடப்பக்கத்தில், படத்துக்குக் கீழே மூன்றாவது வரியில் இருந்தது என்று இடத்தைப் பிசகாமல் சொல்லிவிடுகிறாள், சொற்கள்தாம் வருவதில்லை. இடக்கைக்காரர்களுக்கு வலது மூளை ஓங்கியிருக்கும், அதனால்தான் காட்சி நினைவு மிகுதி என்கிறார்கள் உறவினர்கள். இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில் 1:
இடக்கையை இயக்குவது மூளையின் வலது பாதியான வலது அரைக்கோளம் என்பது சரியே. ஆனால் கையை இயக்கும் பக்கம்தான் நினைவுக்கும் உரிய பக்கம் என்று கொள்வதற்கு இடமில்லை. வலக்கைக்காரர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு மொழித்திறன் இடது அரைக்கோளத்தில் அமைந்திருக்கிறது. இடக்கைக்காரர்களிலும் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்கு அப்படியேதான், மற்றவர்களுக்கு அது வலப்புறமோ இருபுறமுமோ அமைகிறது. இடக்கண் பார்ப்பதெல்லாம் வலது மூளைக்குப் போகிறது என்பதும் தவறு; ஒவ்வொரு கண்ணிலிருந்தும் இரு அரைக்கோளங்களுக்கும் நரம்பிழைகள் செல்கின்றன.

பதில் 2:
உடன்படுகிறேன், எனினும் உறவினர்கள் சொல்வதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. வலிப்பு நோய்க்காக மூளையின் வலது பொட்டு மடலின் (காதை ஒட்டிய பகுதி) ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களைக் கனடாவில் நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஆராய்ந்தபோது, முகங்களையும் பெயர் சொல்ல இயலாத உருவங்களையும் நினைவில் வைப்பதில் அவர்கள் தடுமாறினர். இடப்பக்கம் அகற்றப்பட்டவர்களோ சொற்களையும் கேட்ட கதைகளையும் மறந்தனர். இதில் பெயர் சொல்ல இயலாமை என்பதுதான் முக்கியம். குடையின் படத்தைப் பார்த்ததுமே ‘குடை’ என்ற சொல்லும் மனத்தில் எழுந்துவிடுவதால், அது உருவமாகவும் சொல்லாகவும் இருவகையில் பதிகிறது. பக்கத்தில் இருந்த இடம் நினைவிருந்து சொல் மறந்துபோவதோ, எந்தக் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் நேர்வதுதான். குடை, சாவி போன்ற ஐந்து படங்களையும், எதையும் ஒத்திராத ஐந்து கிறுக்கல்களையும் மகளிடம் காட்டி, மறுநாள் வரையச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்றிரவு மகளிடமும், வலக்கைக்காரனான அவள் அண்ணனிடமும் காட்டினேன். இன்று காலை இருவருமே ஐந்து படங்களையும் வரைந்துவிட்டார்கள். கிறுக்கல்களில் மகளுக்கு இரண்டும் மகனுக்கு மூன்றும் மட்டுமே வந்தன. அவ்விரண்டு மட்டும் எப்படி நினைவில் நின்றன என்று கேட்டதற்கு, ஒன்று ‘படுத்திருக்கும் முயல்’, மற்றொன்று ‘உடைந்த ஏணி’ என்று மகள் தயங்காமல் சொன்னாள். பார்த்த மாத்திரத்திலேயே பெயர் வைத்திருக்கிறாள். அண்ணன் வரைந்த மூன்றும் அவன் பெயரிட்டவையே.