டிரேடும் பொசிஷன் மாற்றமும்: இரண்டு சொற்கள் வேண்டும்

ஸ்காபரோ, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வியாழன் மாலைக்குள் எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். அதற்குப் பிறகு பாடம் அச்சுக்குப் போய்விடும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பாடம் ஒன்று எழுதுகிறேன். 2025 நவம்பர் 1ஆம் திகதி ரொறன்ரோவில் நடந்த பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்தான் பொருள். அன்றைக்கும் சனிக்கிழமைதான். காலையில் நீலச் சட்டையோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் இரவு அழுதுகொண்டு படுத்தார்கள். பதினோராவது இன்னிங்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 5, எங்கள் ரொறன்ரோ ப்ளூ ஜேஸ் 4. எங்கள் கிர்க் அடித்தபோது மட்டை முறிந்தது. பந்து உருண்டு டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸிடம் போனது. அவர் இரண்டாம் தளத்தை (பேஸ்) மிதித்துவிட்டு முதல் தளத்துக்கு எறிந்தார். இரண்டு பேர் அவுட், ஆட்டம் முடிந்தது.

அந்த பெட்ஸைப் பற்றி இப்படி எழுதினேன்: “2020இல் பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடமாற்றம் செய்யப்பட்டார். வலது வெளிக்களத்தில் ஆறு தங்கக் கையுறை விருதுகள் வாங்கியவர், பின்னர் ஷார்ட்ஸ்டாப்புக்கு இடமாற்றம் செய்யப்பட்டார்.” வெளிக்களமும் ஷார்ட்ஸ்டாப்பும் களத்தில் ஆட்டக்காரர் நிற்கும் இடங்கள். வாசித்துப் பார்த்த பிள்ளை ஒருத்தி, “மிஸ், இவர் ரெண்டு தரம் டீம் மாறினவரா?” என்று கேட்டாள். பிழை என்னுடையதுதான். அணிகள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதற்கு (டிரேட்) ஒரு சொல், ஒரே அணிக்குள் நிற்கும் இடம் (பொசிஷன்) மாறுவதற்கு இன்னொரு சொல் தாருங்கள்.

மதுரை, செவ்வாய் காலை

அம்மா, நல்ல கேள்வி. இடமாற்றம் என்றதும் வாத்தியாருக்கு வேறு ஊர் போட்ட செய்தியைத்தான் தமிழ்நாட்டில் நினைப்போம். அதை இரண்டுக்குமே விட்டுவிடுங்கள்.

முதல் சொல்லுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. அகநானூற்றில் உப்பு விற்கும் பெண், நெல்லுக்கு நேராக உப்பு என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறாள். காசு இல்லை, பொருளுக்குப் பொருள். நேர் என்றால் அங்கே ஈடு, சமம். ஆகவே ‘நேர்மாற்று’. மாற்று என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் பாருங்கள். மாறு என்பது தன்வினை, மாற்று என்பது பிறவினை. ஆட்டக்காரர் தானாக மாறவில்லை, அணி அவரை மாற்றுகிறது. இலக்கணமே உண்மையைச் சொல்லிவிடுகிறது. பத்தரைமாற்றுத் தங்கம் என்கிறோமே, அதில் மாற்று என்பது உரைகல்லில் பார்க்கும் தரம். இரண்டு அணிகளும் ஆளின் தரத்தை உரசிப் பார்த்துத்தானே மாற்றிக்கொள்கின்றன? ஒரே சொல்லில் பரிமாற்றமும் மதிப்பீடும் இருக்கின்றன.

இரண்டாவதற்கு ‘நிலை’. தேர் நிலைக்கு வந்தது என்கிறோம். களத்தில் ஒருவர் நிற்க வேண்டிய இடமும் நிலைதான். நிலைமாற்றம் என்று எழுதுங்கள்.

கோவை, செவ்வாய் மதியம்

ஐயா, உப்பையும் நெல்லையும் கொண்டு மனிதரைச் சொல்லலாமா என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர் செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு பருவங்கள் ஆடினார். 1969 அக்டோபரில் அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார்: என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து அல்ல என்பது அதன் சாரம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் 5-க்கு 3 என்று தோற்றது. ஆனாலும், மொத்தம் பத்து ஆண்டு ஆடி, அதில் கடைசி ஐந்து ஆண்டு ஒரே அணியில் இருப்பவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்ற விதி பிறகு வந்தது. அந்த மனிதர் எதை எதிர்த்து ஆட்ட வாழ்க்கையை இழந்தாரோ அதையே நாம் கலைச்சொல்லாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

‘அணிமாற்றம்’ போதுமே? எல்லோருக்கும் புரியும்.

சிங்கப்பூர், செவ்வாய் மாலை

அணிமாற்றம் போதாது. ஹுவான் சோட்டோ என்ற ஆட்டக்காரர் 2023 டிசம்பரில் சான் டியாகோவிலிருந்து நியூயார்க் யாங்கீஸுக்கு டிரேடில் போனார். அடுத்த டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்து, தானே பேசி, 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் என்று மெட்ஸ் அணியில் சேர்ந்தார். இரண்டுமே அணிமாற்றம்தான். முதலாவதில் அவர் கையில் ஒன்றும் இல்லை, இரண்டாவதில் எல்லாம் அவர் கையில். ஃப்ளட் பட்ட பாட்டின் பலனே அந்த வித்தியாசம்தான். அதைக் காட்டாத சொல் எதற்கு?

மொன்றியல், செவ்வாய் இரவு

தங்கச்சி, நான் மொன்றியலின் பழைய அணியான எக்ஸ்போஸ் காலத்திலிருந்து பேஸ்பால் பார்க்கிறவன். எங்கள் ஊரில் ‘மாற்றுச் சம்பந்தம்’ என்று ஒன்று உண்டு. இந்த வீட்டுப் பெண் அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டுக்கு. 1990 டிசம்பரில் ரொறன்ரோ செய்தது அச்சாக அதுதான். ஃப்ரெட் மக்ரிஃப், டோனி ஃபெர்னாண்டஸ் இரண்டு பேரையும் சான் டியாகோவுக்குக் கொடுத்து, ஜோ கார்ட்டரையும் ரொபெர்ட்டோ அலோமாரையும் எடுத்தார்கள். 1993இல் உலகத் தொடரை வென்று தந்த, கார்ட்டர் அடித்த அந்தக் கடைசி ஹோம்ரன் உங்களுக்குத் தெரியும். ஃபெர்னாண்டஸும் அதே 93இல் திரும்பி வந்து அந்தக் கோப்பையில் பங்கு கொண்டார். கொடுத்த பிள்ளை தாய்வீடு வந்த மாதிரி எங்களுக்கு இருந்தது. ‘மாற்று’ என்று மட்டும் வையுங்கள். கோவைத் தம்பிக்கும் உறுத்தாது, சம்பந்தத்தில் இருப்பது மனிதர்கள்தானே.

நிற்கும் இடத்துக்கு நான் சொல்வது ‘மறிப்பிடம்’. கிளித்தட்டு விளையாடினவர்களுக்குத் தெரியும், கோட்டில் நிற்கிறவரின் வேலை மறிப்பது. பேஸ்பாலிலும் பந்தை மறிக்கத்தான் நிற்கிறார்கள். ஷார்ட்ஸ்டாப் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையில் நின்று மறிக்கிறார். ஆகவே ‘இடைமறிப்பாளர்’.

சிங்கப்பூர், செவ்வாய் பின்னிரவு

இடைமறிப்பாளர் அருமையான சொல், அண்ணே. அது வரலாற்றுக்கும் பொருந்துகிறது. தொடக்க காலத்தில் அவருக்கென்று ஓர் இடமே கிடையாது. பந்து எடை குறைவாக இருந்ததால் வெளிக்களத்தில் இருந்து எறிந்தால் உள்ளே வந்து சேராது. நடுவில் நின்று வாங்கி எறிய ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவர்தான் ஷார்ட்ஸ்டாப். ஆட்டக் குறிப்பேட்டில் எறிபவருக்கு 1, பிடிப்பவருக்கு 2, மூன்று தளக்காரர்களுக்கும் 3, 4, 5 என்று வரிசையாகக் கொடுத்த பிறகுதான் இவருக்கு 6 வருகிறது. ரொறன்ரோவின் அந்தக் கடைசிப் பந்தைக் குறிப்பேட்டில் ‘6-3’ என்று எழுதியிருப்பார்கள், ஷார்ட்ஸ்டாப் பெட்ஸிடமிருந்து முதல் தளக்காரருக்கு. பாடத்தில் இதையும் சேர்க்கலாம், அக்கா.

கோவை, புதன் காலை

நேற்று நான் சொன்ன அணிமாற்றத்தை விட்டுவிடுகிறேன், சோட்டோ கதைக்குப் பதில் இல்லை. ஆனால் மாற்று என்று மட்டும் வைத்தால் மாற்று வீரர் என்பதோடு மோதும். ஒருவர் அடிபட்டு வெளியேறும்போது உள்ளே வருபவரை எல்லாப் பத்திரிகையும் அப்படித்தான் எழுதுகிறது. கைமாற்று என்றால் கடன். 2025 நவம்பரில் ஐபிஎல் கிரிக்கெட்டில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்து, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனபோது டீக்கடையில் எல்லோரும் டிரேட் என்றுதான் பேசினார்கள். எழுத்தில் ‘வீரர் பரிமாற்றம்’. வழக்கில் இருக்கிறது, புரிகிறது. எழுதிவிடலாம்.

நிலைமாற்றம் என்றால் பிள்ளைகளுக்குப் பனிக்கட்டி உருகுவதுதான் ஞாபகம் வரும், அறிவியல் புத்தகத்தில் அதற்குத்தான் அந்தச் சொல்.

மதுரை, புதன் காலை

பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் ஆள் போக வேண்டும். எல்லா டிரேடிலும் அது நடப்பதில்லையே? பேப் ரூத்தைப் பாஸ்டன் யாங்கீஸுக்குக் கொடுத்தது 1919 டிசம்பரில், ஒரு லட்சம் டாலருக்கு. பதிலுக்கு ஓர் ஆள்கூட வரவில்லை. அது விற்பனை, அப்படித்தான் எழுத வேண்டும். 1962இல் ஹேரி சிட்டி என்ற பிடிப்பாளரைக் கிளீவ்லண்ட் மெட்ஸுக்குக் கொடுத்தது, ஈடாக ஓர் ஆளைப் பிறகு சொல்கிறோம் என்று ஒப்பந்தம். சில வாரம் கழித்து அந்த ஆளாக அவரையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஈடு அவரே. ஈடு என்ற கருத்து இல்லாமல் இதை எந்தச் சொல்லால் விளக்குவீர்கள்? நேர் என்ற வேர் அதற்குத்தான்.

தம்பி, உங்கள் ஃப்ளட் கதையை இரண்டு தரம் படித்தேன். கொடுமையை மென்மையான சொல்லால் மூடுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை என்றே எனக்குப் படுகிறது. பரிமாறுவது என்றால் விருந்து. அவர்களுக்கு நடந்தது விருந்து இல்லை.

ஸ்காபரோ, புதன் இரவு

ஐயா சொன்னதை இன்று முழுக்க யோசித்தேன். சொற்களை வைத்துப் பார்க்க ஒரு கதை எழுதினேன், பாஸ்டனின் மூன்றாம் தளக்காரராக இருந்த ரஃபேல் டெவர்ஸின் கதை. 2025 பிப்ரவரியில் பாஸ்டன் ப்ரெக்மன் என்ற ஆட்டக்காரரைக் கொண்டுவந்து மூன்றாம் தளத்தை அவருக்குக் கொடுத்தது. டெவர்ஸ் அடிக்க மட்டும் இறங்குபவரானார். மே மாதம் முதல் தளக்காரருக்கு அடிபட்டது, அங்கே நிற்கிறீர்களா என்று கேட்டபோது மறுத்தார். ஜூன் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவுக்கு டிரேட். அங்கே போய் முதல் தளத்தில் நின்றார்.

இதை அச்செடுத்து மகளிடம் கொடுத்தேன். ஒரு தாளில் நிலை, இன்னொன்றில் மறிப்பிடம். நிலை என்ற தாளை வாசித்துவிட்டு, “எந்த நிலை? எட்டாம் நிலையா?” என்று கேட்டாள். வகுப்பைத்தான் இங்கே நிலை என்கிறோம். மறிப்பிடம் என்றதும் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் களத்தை வரைந்து ஒன்பது புள்ளி வைத்தாள். போன கோடையில் பூங்காவில் கிளித்தட்டு விளையாடியவள்.

கோவை, வியாழன் காலை

அக்கா, டெவர்ஸ் கதையிலேயே அது உடைகிறதே. அடிக்க மட்டும் இறங்குபவர் எதையும் மறிப்பதில்லை. அவருக்கு மறிப்பிடமே இல்லாதபோது மறிப்பிட மாற்றம் எங்கே நடந்தது?

மொன்றியல், வியாழன் காலை

மறிப்பிடம் பறிபோனது என்று எழுதலாம், தம்பி. அவருடைய கோபமே அதுதானே.

ஸ்காபரோ, வியாழன் மாலை

அண்ணை சொன்னபடியே எடுத்துக்கொள்கிறேன். பாடத்தில் பெட்ஸ் மட்டும்தான் வருகிறார் என்பதால் இப்போதைக்குத் தப்பினேன். அச்சுக்குப் போன வரிகள்:

“2020இல் நடந்த வீரர் பரிமாற்றத்தில் பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தார். வலது வெளிக்களத்தில் ஆறு தங்கக் கையுறை விருதுகள் வாங்கியவர், பின்னர் மறிப்பிடம் மாறி இடைமறிப்பாளரானார்.”

பரிமாற்றத்துக்கு என்னையும் சேர்த்து மூன்று பேர், மாற்றுக்கு அண்ணை ஒருவர், நேர்மாற்றுக்கு ஐயா ஒருவர். 6-3 குறிப்பும் சேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

மதுரை, வியாழன் இரவு

மறிப்பிடமும் இடைமறிப்பாளரும் எனக்குச் சம்மதம், அம்மா. என் நிலையை விட அவை நல்ல சொற்கள். பரிமாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை என்பதை மட்டும் இந்த இழையில் பதிந்து வைக்கிறேன். டிசம்பரில் அணிகளெல்லாம் மறுபடி கூடி ஆள் பேசும்போது பிள்ளைகளுக்கு அடுத்த பாடம் எழுதுவீர்கள். அப்போது பாதி நெல், பாதி காசு, பெயர் சொல்லாத ஓர் ஆள் என்று ஒரு டிரேட் வரும். எழுத உட்காரும் முன் எனக்கு ஒரு வரி போடுங்கள்.