ஒரே முகத்தில் இரண்டு நிறம்: ஃபிளாஷ்களின் நிற வெப்பநிலை ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி:
வணக்கம். முதன்மை ஒளிக்குப் பழைய ஸ்டுடியோ ஃபிளாஷ் ஒன்றைச் சாஃப்ட்பாக்ஸுடன் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) கால்வாசித் திறனில் வைக்கிறேன். நிழலை நிரப்ப, கேமரா மேல் பொருத்தும் வகைச் சிறிய ஃபிளாஷை 1/32 திறனில் எதிர்ப்புறம் வைக்கிறேன். இரண்டிலும் நிற வெப்பநிலை 5600 கெல்வின் (எண் கூடினால் ஒளி நீலமாகும், குறைந்தால் மஞ்சளாகும்) என்றே குறிப்பிட்டிருக்கிறது. ஆனாலும் படத்தில் இடக் கன்னம் மஞ்சளாகவும் வலக் கன்னம் நீலம் பாய்ந்தும் தெரிகின்றன. ஒன்றுக்கு ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் அமைப்பை) சரிசெய்தால் மற்றது கெட்டுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
உங்கள் ஃபிளாஷ்களில் பழுது இருப்பதாக நான் நினைக்கவில்லை. திறனைக் குறைக்கும் முறைதான் வேறு. பழைய ஸ்டுடியோ ஃபிளாஷ்கள் பெரும்பாலும் மின்தேக்கியின் மின்னழுத்தத்தைக் குறைத்தே திறனைக் குறைப்பதால், செனான் குழாயின் ஒளி சற்றுச் சிவப்புப் பக்கம் சாய்கிறது. சிறிய ஃபிளாஷோ முழு மின்னழுத்தத்தில் தொடங்கி, வேண்டிய அளவு ஒளி வந்ததும் மின்னோட்டத்தைத் துண்டித்துவிடுகிறது. ஒளித்துடிப்பின் செம்மை கூடிய வால்பகுதி அங்கே வெட்டுப்படுவதால், எஞ்சுவது நீலம் மிகுந்த தொடக்கமே. திறனைக் குறைக்கக் குறைக்க இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகிச் செல்கின்றன.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் நிறத்தைத் திருத்த ஃபிளாஷின் முன் ஒட்டும் வண்ணத்தாளான ஜெல் வாங்குமுன் அளந்து பாருங்கள். அறை விளக்குகளை அணைத்து, ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் நிறுத்தி, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் திறனிலேயே ஒவ்வொரு ஃபிளாஷையும் தனித்தனியாகக் கிரே கார்டின் (நிறச் சாய்வில்லாத சாம்பல் அட்டை) மேல் அடித்து, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். மென்பொருளில் கார்டின் மேல் சொடுக்கினால் இரண்டு எண்கள் கிடைக்கும். 5200, 6000 என்று வந்தால் 800 கெல்வின் வேறுபாடு. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்து, ஜெல்களை அளக்கும் அலகான மைரெட் ஆக்கினால் 192, 167, அதாவது 25 மைரெட். 1/8 சிடிஓ ஜெல் (ஒளியை மஞ்சள் பக்கம் திருப்பும் மெல்லிய ஆரஞ்சு ஜெல்) ஒன்று ஏறத்தாழ இதைச் சரிக்கட்டிவிடும். அதை நீலமாக இருக்கும் ஃபிளாஷில் ஒட்டுங்கள். பச்சை–மெஜந்தா சாய்வையும் பாருங்கள். அது கெல்வின் எண்ணில் தெரியாது, சிடிஓவும் அதைத் திருத்தாது.

பதில் 3:
சாஃப்ட்பாக்ஸ் துணியைக் கழற்றி, புதிய வெள்ளைத் தாளின் மேல் விரித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் பயன்பட்ட துணி, தனியாகப் பார்க்கையில் வெள்ளையாகத் தோன்றினாலும், தாளுக்கு அருகில் பழுப்பேறியிருப்பது தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. துணி உண்மையிலேயே மஞ்சளித்திருந்தது. தையல் மடிப்புக்குள் மட்டும்தான் பழைய வெண்மை இருக்கிறது. துணி இல்லாமல் அளந்தபோது வேறுபாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. துணியை மாற்றிவிட்டு, ஸ்டுடியோ ஃபிளாஷைத் தள்ளி வைத்து முழுத் திறனில் அடித்து மீண்டும் அளக்கப் போகிறேன். ஜெல் தேவையா என்பதை அதன் பிறகே முடிவு செய்வேன்.