பிரைமரி பெல்ட்டை வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டச் சொல்கிறவர்களுக்கு

ஷவல்80:
நேற்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஹார்லியின் பழைய ஷவல்ஹெட் எஞ்சின் போட்ட கஸ்டம் வண்டி. பிரைமரி செயினைக் கழற்றிவிட்டு ஓப்பன் பெல்ட், அதாவது மூடியில்லாத பெல்ட், மாட்டுகிறார். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. கடைசியில், "வீணைக் கம்பி மாதிரி டைட்டாக வையுங்கள், ஓட ஓட ரப்பர் தானாக இளகிவிடும்" என்கிறார். இதைக் கேட்டு எத்தனை பேர் கியர்பாக்ஸை நாசம் செய்யப்போகிறார்களோ!

பெல்ட் ஆறியிருக்கும்போது, நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலமாவது இறங்க வேண்டும், முக்கால் வரை போகலாம். வண்டி சூடானதும் அந்தத் தளர்வு தானாகக் குறையும். இளகாது, இறுகும்.

டார்க்மாஸ்டர்:
அந்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பியவன் நான்தான். என் வண்டியில் 2 வருடமாக டைட்டாகத்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. முதலில் லூஸாக வைத்திருந்தேன். கிக் அடிக்கும்போதே 'டக்' என்று பெல்ட் புல்லியில் பல் தாண்டியது, காலே வலித்துப்போனது. ரப்பர் சூட்டில் இளகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

புதுவண்டி:
சார், ஒரு சந்தேகம். நீங்கள் பேசுவது எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் ஓடும் பெல்ட்டா, பின்சக்கரத்துக்குப் போகும் பெல்ட்டா? "டைட்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஷவல்80:
புதுவண்டி, எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் ஓடுவதுதான் பிரைமரி பெல்ட், பேச்சு அதைப் பற்றித்தான். விரலால் அழுத்தினால் இறங்காவிட்டால் டைட்.

டார்க்மாஸ்டர், ரப்பர் வெறும் பல்லுக்குத்தான் தம்பி. இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் இழை. அது நீள்வதற்கு இது என்ன சைக்கிள் டியூபா?

கணக்கே போடுகிறேன். அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 0.023 மி.மீ. விரியும். பெல்ட்டின் சுற்று 1 மீட்டர் என்று வைத்துக்கொள். 80 டிகிரி ஏறினால், புல்லியும் புல்லிகளுக்கு நடுவே இருக்கும் தூரமும் சேர்ந்து பெல்ட்டிடம் 1.8 மி.மீ. கூடுதலாகக் கேட்கும். அவ்வளவுதானா என்று நினைக்காதே. 30 செ.மீ. இடைவெளியில் 1.8 மி.மீ. நீளம் என்பது விரலால் அழுத்தினால் 16 மி.மீ. இறங்கும் தளர்வு. அரை அங்குலத்துக்கும் மேல். ஆறியிருக்கும்போதே கம்பி மாதிரி வைத்தால் அந்த 1.8 மி.மீ. எங்கிருந்து வரும்? எஞ்சினின் கிராங்க் பேரிங்கிலிருந்தும் கியர்பாக்ஸின் மெயின்ஷாஃப்ட் பேரிங்கிலிருந்தும்தான் வரும்.

டார்க்மாஸ்டர்:
நான் உங்களுக்குத் தம்பி இல்லை. ஷவல்ஹெட்டில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. இரண்டும் இரும்பு ஃபிரேமில் உட்கார்ந்திருக்கின்றன. ஃபிரேம் 80 டிகிரியா ஏறும்? இரும்பு அலுமினியத்தில் பாதிதான் விரியும். உங்கள் கணக்கு தாளில் மட்டும்தான் ஓடும். ரப்பர் இளகும்.

செயின்காவலன்:
இரண்டு பேருக்கும் நடுவில் உண்மையைச் சொல்கிறேன். ஹார்லி கம்பெனியே 1980இல் ஸ்டர்ஜிஸ் மாடலில் பிரைமரிக்கும் பின்சக்கரத்துக்கும் பெல்ட் போட்டது. பின்சக்கர பெல்ட்டை வைத்துக்கொண்டது, பிரைமரிக்குச் செயினையே திரும்பக் கொண்டுவந்தது. ஏன்? எண்ணெயில் குளித்து ஓடும் செயினுக்கு நிகர் கிடையாது. திறந்த பெல்ட்டில் ஒரு கல் சிக்கினால் போதும், நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

ஷவல்80:
செயினைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போன வருடம் கார்புரேட்டர் ஜெட் சைஸ் விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் வந்து குழப்பினீர்கள், மறக்கவில்லை.

டார்க்மாஸ்டருக்கு: ஃபிரேம் இரும்புதான், ஒத்துக்கொள்கிறேன். உள் பிரைமரி கவரை எடுத்துவிட்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கட்ட ஒரு மோட்டார் பிளேட் போட்டீர்களே, அது என்ன இரும்பா? அலுமினியம். கிளட்ச் டிரம்? அதுவும் அலுமினியம். எண்ணெயில்லாமல் ஓடும் உலர் கிளட்ச், சிக்னலில் இரண்டு தடவை அரைத்தாலே கை வைக்க முடியாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் பெல்ட்டை ஒரு மெக்கானிக் இப்படித்தான் டைட்டாக மாட்டிக் கொடுத்தார். முதல் நாளே 'ஙொய்' என்று ஒரு ஊளை. பெல்ட் என்றால் இப்படித்தான் பாடும் என்றார், நம்பினேன். ஒரு மாதத்தில் மோட்டார் பிளேட் மேல் பென்சில் தூள் மாதிரி கறுப்புப் பொடி படிந்தது. பெல்ட்டின் ஒரு ஓரம் பாய் நுனி மாதிரி பிரிந்திருந்தது. நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்திய கையோடு அழுத்திப் பார்த்தேன், கட்டைவிரல் துளிகூட இறங்கவில்லை. காலையில் அதே இடத்தில் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் கியர்பாக்ஸைப் பிரித்தால் மெயின்ஷாஃப்ட் பேரிங் கையில் சுற்றும்போதே கரகரவென்றது. ரப்பர் இளகியிருந்தால் அது ஏன் போக வேண்டும்?

டார்க்மாஸ்டர்:
அது அலைன்மென்ட் கோளாறு. ஓரம் பிரிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கியர்பாக்ஸ் கோணலாக உட்கார்ந்தால் பெல்ட் ஒரு பக்கமாக நடந்து ஓரத்தில் உரசும். உங்கள் மெக்கானிக் செய்த தப்புக்கு என் பெல்ட்டையா குறை சொல்வது?

செயின்காவலன்:
பார்த்தீர்களா, செயின் என்றால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

புதுவண்டி:
நானும் ஷவல்ஹெட்டில்தான் மாட்டப்போகிறேன். பழைய செயினுக்கு எஞ்சினிலிருந்து வரும் ஆயில் வழியை என்ன செய்வது? யாராவது சொல்லுங்கள்.

ஷவல்80:
அடைத்துவிடு. பம்பிலிருந்து வரும் வழி, திரும்பிப் போகும் வழி இரண்டையும். விட்டால் பெல்ட்டும் கிளட்ச் பிளேட்டும் எண்ணெயில் நனைந்து வழுக்கும். கியர்பாக்ஸ் மெயின்ஷாஃப்ட் சீலையும் பார்த்துக்கொள். தளர்வு வைக்கக் கியர்பாக்ஸை நகர்த்துவாய், நகர்த்திய பிறகு பின் செயினையும் மறுபடி பார். ஆறிய வண்டியில் அரை அங்குலம். இதை மட்டும் மறக்காதே.

டார்க்மாஸ்டர்:
புது ஆளைக் கெடுக்காதீர்கள். அரை அங்குலம் விட்டால் பல் தாண்டும், என் காலைக் கேளுங்கள்.

ஷவல்80:
பல் தாண்டியது என்றால் பெல்ட் தேய்ந்ததா, புல்லி பல் தேய்ந்ததா, முக்கால் அங்குலத்துக்கும் மேலே விட்டீர்களா என்று பார்த்தீர்களா? ஒரு தடவையாவது ஆறிய வண்டியில் அளந்து, ஓட்டி முடித்து எஞ்சினை அணைத்த கையோடு அதே இடத்தில் அளந்திருக்கிறீர்களா?

டார்க்மாஸ்டர்:
2 வருடம் ஓடுகிறது. அதுதான் என் அளவு.

செயின்காவலன்:
ஜெட் சைஸ் விவாதத்தில் குழப்பியது நான் இல்லை. நான் சொன்ன ஜெட்டைத்தான் கடைசியில் நீங்களும் மாட்டினீர்கள். அதை முதலில் சொல்லுங்கள்.

ஷவல்80:
ஜெட்டைப் பற்றி இங்கே பேச மாட்டேன். டார்க்மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு சூடு இருக்கும்போதே பெல்ட் மேல் விரலை வைத்து ஒரு படம் போடுங்கள். விரல் இறங்குகிறதா என்று எல்லாரும் பார்க்கட்டும்.

டார்க்மாஸ்டர்:
முதலில் உங்கள் பழைய பேரிங் படத்தைப் போடுங்கள். அப்புறம் பார்க்கலாம்.