சாவி நுழைகிறது, திரும்ப மறுக்கிறது

கேள்வி: சரிவான சந்தில், முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டியபடி நேற்றிரவு நிறுத்திய பழைய காரில், இன்று சாவி உள்ளே போகிறதே தவிர இம்மியும் திரும்பவில்லை. பூட்டையே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1: வேண்டாம். சக்கரம் கல்லில் அழுந்தியிருப்பதால் ஸ்டீயரிங் பூட்டின் தண்டு (சாவியை எடுத்தபின் ஸ்டீயரிங்கைத் திரும்பவிடாமல் பிடிப்பது) இறுகியிருக்கும்; அதனால்தான் சாவி திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை இருபுறமும் அசைத்து, எந்தப் பக்கம் சற்று இளகுகிறதோ அந்தப் பக்கமே பிடித்துக்கொண்டு சாவியை மெதுவாகத் திருப்புங்கள். குறடு போட்டு முறுக்கினால் சாவி உள்ளேயே முறியும். அப்புறம் அது தனிச் செலவு.

மறுமொழி 2: அப்போதும் அசையாவிட்டால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது திரும்பினால், பழைய சாவியின் வெட்டுகள் தேய்ந்து, பூட்டினுள் இருக்கும் சிறு தகடுகளை உரிய உயரத்தில் நிறுத்தவில்லை என்று பொருள். எண்ணெய் விடாதீர்கள், தூசியைச் சேர்த்துப் பிசுக்காகிவிடும்; கிராஃபைட் தூளே நல்லது.

கேட்டவர்: வலப்பக்கம் பிடித்ததும் திரும்பிவிட்டது. நன்றி.