பாசி பிடித்த நீச்சல் குளம்: தண்ணீரை இறக்கலாமா?

தென்காசி, புனலூர் பக்கம் குளம் பராமரிக்கிற அண்ணன்மார் யோசனை சொல்லுங்கள்.

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் ஒரு தோட்ட வீட்டுக் குளம். 8 மீட்டருக்கு 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4, ஏறக்குறைய 45,000 லிட்டர். ஒரு வருஷம் புழங்காமல் கிடந்ததில் முதல் படிகூடத் தெரியாத பச்சை.

இலை, சகதி அள்ளியாயிற்று. ஆசிட் விட்டு பிஎச் 7.2. சாயங்காலம் 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் 700 கிராம் போட்டால் குளோரின் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) காட்டுகிறது, விடிந்தால் பூஜ்யம். வெயில் படாத ராத்திரியில் இப்படி இறங்கினால் பாசி சாகவில்லை என்றுதான் அர்த்தம்.

முன்பு டிசிசிஏ என்கிற குளோரின் மாத்திரையே போட்டு வந்ததில், குளோரினைப் பிடித்து வைத்து அதன் வேகத்தைக் குறைக்கும் சயனூரிக் அமிலம் 90 பிபிஎம் ஏறி நிற்கிறது. அதில் 40 சதவீதம், அதாவது 36 பிபிஎம் குளோரின் நின்றால்தான் வேலை நடக்கும். ஒரு தடவைக்கே 2.5 கிலோ! (மாத்திரை பிடித்த வாளியில் இந்தப் பவுடரைக் கொட்டிவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.)

இந்த அமிலத்தைக் குறைக்கத் தண்ணீரை மாற்றலாம்தான். ஆனால் சாரல் பெய்து பக்கத்துக் கிணற்றில் மூன்றடியில் தண்ணீர். மொத்தமாகக் காலி செய்தால் ஊற்று அடியில் முட்டித் தொட்டியையே தூக்கிவிடும். 30 சென்டிமீட்டர் இறக்கி நிரப்புவதை மூன்று முறை செய்தால் 90 என்பது 44க்கு வரும். இந்த மண்ணில், மழைக்காலத்தில் அப்படிச் செய்தவர்கள் உண்டா?

இன்னொன்று: மணல் பில்டரில் அழுத்தம் மூன்று மணி நேரத்தில் 10லிருந்து 20 பிஎஸ்ஐ ஏறுகிறது. பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பி விட்டு மணலைக் கழுவுவது) போதுமா, மணலை இப்போதே மாற்றணுமா?