மூன்று பிள்ளைக்கும் மூன்று இனிஷியல்: ‘கோ அஹெட்’ பார்த்த அனுபவம் சொல்லுங்க

போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் அம்மா பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். ராத்திரியில் வலி வந்தால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும், அப்புறம் எனக்கும் போய்விடும். அப்படி ஒரு ராத்திரிதான் ‘கோ அஹெட்’ என்ற சீனத் தொடரை போனில் ஓடவிட்டேன். 2020 ஆகஸ்டில் ஹூனான் டிவியில் வந்த தொடர். சீனத்தில் இதன் பெயருக்கு ‘குடும்பத்தார் என்ற பெயரால்’ என்று அர்த்தம்.

நான் ஆங்கில சப்டைட்டில் படிப்பேன். அம்மாவுக்கு அதுவும் தெரியாது, முகத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நாள் கேட்டார்: “அந்த நூடுல்ஸ் கடைக்காரரு அந்தப் பசங்களுக்கு என்னடி உறவு?”

சொன்னேன். கடைக்காரர் லீ ஹைச்சாவ். மனைவி இறந்துபோனதால் மகள் ஜியான்ஜியானைத் தனியாக வளர்க்கிறார். மாடி வீட்டுக்குப் போலீஸ்காரர் லிங் ஹெப்பிங் குடிவருகிறார். அவருடைய சின்ன மகள் இறந்த துக்கம் தாங்காமல் அவர் மனைவி வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள், மகன் லிங் ஷியாவ் அப்பாவோடு நிற்கிறான். இன்னொரு பையன் ஸிச்சியூ. அவனுடைய அம்மாவுக்கும் கடைக்காரருக்கும் அக்கம்பக்கத்தார் கல்யாணம் பேசுகிறார்கள். அவளோ பையனை இவரிடம் விட்டுவிட்டுக் காணாமல் போகிறாள். போலீஸ்காரர் சம்பளத்தில் பங்கு கொடுக்கிறார், கடைக்காரர் சமைக்கிறார். மூன்று பிள்ளைகளும் ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்கிறார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அப்ப மூணு பேருக்கும் மூணு இனிஷியலா?” என்றார். ஆமாம், லீ, லிங், ஹ என்று மூன்று குடும்பப் பெயர்கள். “பள்ளிக்கூடத்துல கேட்டா என்ன சொல்லுவாங்க பாவம்” என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா 22 வருஷம் டிபன் கடை நடத்தியவர். தொடரில் யார் அழுதாலும் சிரித்தாலும் அம்மாவின் கண் அந்தக் கடைக்காரர் மேலேயேதான் இருக்கும். “கடையில நிக்கிற ஆளு, மூணு பிள்ளைக்கும் நேரத்துக்குச் சோறு போடுறது லேசு இல்லடி. எங்க கடையில ஊருக்கே இட்லி இருக்கும், உனக்கு ஆறிப்போனதுதான் கெடைக்கும்” என்றார். நான் பிறந்ததிலிருந்து அம்மா அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது?

*

அக்கா, நான் இந்தத் தொடரைப் பார்த்த சமயம் கொஞ்சம் வேறு மாதிரி. சீனாவின் சியாமென் நகரத்தில் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். 2020 ஜனவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஒரு முதுகுப்பையோடு ஊருக்கு வந்தவன், கொரோனாவால் திரும்பிப் போக முடியவில்லை. புத்தகம், போர்வை, குக்கர் எல்லாம் ஹாஸ்டலிலேயே கிடந்தன. அங்கே காலை 8 மணி வகுப்பென்றால் இங்கே விடிகாலை 5.30. இருட்டில் போனை வைத்துக்கொண்டு உடற்கூறியல் கேட்போம்.

வகுப்புத் தோழி ஒருத்தி இந்தத் தொடரின் இணைப்பை அனுப்பி, “நம்ம ஊர்” என்று மட்டும் எழுதியிருந்தாள். படப்பிடிப்பு சியாமெனில்தான். பழைய குடியிருப்புகளின் படிக்கட்டு, மரநிழல் விழுந்த சந்து, ஈரக்காற்று அடிக்கும் அந்த வெளிச்சம் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. கதையே மனதில் ஏறவில்லை, பின்னால் தெரிகிற சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூடுல்ஸ் கடை வந்தபோது சியாமெனின் ஷாச்சா நூடுல்ஸ் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. நிலக்கடலை, காய்ந்த இறால், மிளகாய் எல்லாம் அரைத்துவிட்ட குழம்பு அது. கணவாய், டோஃபு, ஈரல் என்று நாம் கை காட்டியதை அதில் போட்டுத் தருவார்கள். சியாமென் இருக்கிற ஃபூஜியான் மாகாணத்திலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் கொண்டுவந்த ருசி. குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சிக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் ‘சாத்தே’ என்ற சொல்தான் அங்கே ஷாச்சா ஆகியிருக்கிறது.

பாதிக் கதையில் இரண்டு பையன்களும் போய்விடுகிறார்கள் இல்லையா? விபத்தில் அடிபட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ள லிங் ஷியாவ் சிங்கப்பூருக்கு, ஸிச்சியூ இங்கிலாந்துக்கு. ஒன்பது வருஷம் கழித்துத்தான் திரும்பி வருகிறார்கள். ஜியான்ஜியான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை, கோபப்படுகிறாள். அந்தக் கோபத்தைப் பார்த்தபோது பயமாக இருந்தது. நமக்கு அங்கே ஒரு இடம் இன்னும் இருக்குமா என்ற பயம்தான்.

2022 கடைசியில் திரும்பினேன். ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை எல்லோரும் ‘ஆயீ’ என்போம், சீனத்தில் சித்தி மாதிரி. மூன்று வருஷமாகப் பார்க்காத என்னை முகக்கவசத்தோடு அடையாளம் தெரிந்துகொண்டு, “சி ல மா?” என்றார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். எங்கள் அப்பத்தாவும் அதைத்தான் முதலில் கேட்கும்.

*

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நானும் எழுதுகிறேன். சிங்கப்பூரில் வேலைக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. எல்லோரும் ஜியான்ஜியான் பக்கம் நின்று பார்க்கிறார்கள், நான் லிங் ஷியாவ் பக்கம் நின்று பார்த்தேன். தூக்கம் வராமல் மாத்திரை போட்டுக்கொண்டு, ஊருக்கு போன் செய்யும்போது மட்டும் நன்றாக இருக்கிறேன் என்கிறவன் அவன். தான் எத்தனை கஷ்டப்பட்டோம் என்று வீட்டில் நிரூபித்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. விட்டுவிட்டுப் போனாய் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும், அதுவும் உண்மைதானே.

நான்கு வருஷம் போகாமல் இருந்துவிட்டு ஒருமுறை ஊருக்குப் போனேன். என் தம்பி ஷோகேஸிலிருந்து கண்ணாடி டம்ளர் எடுத்து, துடைத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். விருந்தாளிக்குத்தான் எங்கள் வீட்டில் அந்த டம்ளர். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்றாம் நாள் காலையில் காபி சொம்பை என் முன்னால் நங்கென்று வைத்து, “ஆத்திக் குடிக்கா” என்றான். அப்போதுதான் மூச்சு வந்தது.

இந்தத் தொடரில் காதலுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. திரும்பி வந்தவனை மறுபடி வீட்டு ஆளாக ஆக்க ஒரு சண்டை வேண்டியிருக்கிறது. ஜியான்ஜியான் அந்தச் சண்டையை அவர்களுக்குக் குறைவில்லாமல் கொடுக்கிறாள்.

*

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்பாதி எனக்கு உயிர். மூன்று பிள்ளைகளும் சாப்பாட்டுக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். பின்பாதியில் லிங் ஷியாவின் அம்மா வருகிற காட்சிகளைத் தள்ளிவிட்டுத்தான் பார்த்தேன். சாகும் வரை நீ எனக்குக் கடன்பட்டவன் என்று பிள்ளையைக் கட்டிப்போடும் தாய். எல்லோருக்கும் இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டுமா? எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

இன்னொன்று. அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்த லிங் ஷியாவையே ஜியான்ஜியான் காதலிப்பது நம் வீடுகளில் உறுத்தும். என் மாமியார் “முறை என்ன ஆகுது?” என்று எழுந்தே போய்விட்டார். ‘கெகே’ என்று சீனத்தில் உறவில்லாத மூத்த பையனையும் கூப்பிடுவார்கள் என்று விளக்கிப் பார்த்தேன், ஏறவில்லை. ஆனால் ஜியான்ஜியானே முதலில் தயங்கித் தவிக்கிறாள், தொடர் அதை மூடிமறைக்கவில்லை. அது நேர்மை. 2024-இல் வந்த கொரிய மறு ஆக்கம் 16 எபிசோடில் முடிந்துவிடுகிறது. இழுவை பிடிக்காதவர்கள் அதைப் பார்க்கலாம்.

*

எல்லோருக்கும் நன்றி. நேற்று எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முறை பற்றிய கேள்விக்கு அம்மா பதில் வைத்திருந்தார்: “ஒரே பாலு குடிச்சு வளரலையே, ஒரே சோறுதான. அதுல என்ன தப்பு?” லிங் ஷியாவின் அம்மா விஷயத்தில் உங்கள் பக்கம்தான், “அவளுக்குக் கதவு தொறக்காத” என்றார்.

சிங்கப்பூர் அக்காவின் டம்ளர் கதையை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். கால் இப்போது பரவாயில்லை, கைத்தடி இல்லாமல் நடக்கிறார். இன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் தட்டை அப்படியே என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். துணியை உரித்தபோது ஆவி கையில் அடித்தது.

“சூடா சாப்பிட்டுட்டுப் போ,” என்றார். பஸ் போனால் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.