எஸ்விஜி மேகம் போனில் திணறுகிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்க

குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு வெப்சைட் செய்கிறேன். முகப்பில் மலை மேல் சாரல் மேகம் நகர வேண்டும். அதற்கு எஸ்விஜி (நிரலாக எழுதும் பட வடிவம்) ஃபில்டரில் டர்பியூலன்ஸ் (மேகம் போன்ற ஒழுங்கற்ற வடிவத்தை உண்டாக்குவது), அதில் ஃப்ராக்டல் நாய்ஸ் வகை, ஆக்டேவ் (நுணுக்க அடுக்குகள்) 4. லேப்டாப்பில் அருமை, 4 ஜிபி ஆண்ட்ராய்டு போனில் திக்கித் திணறுகிறது, போனும் சுடுகிறது.

பேஸ் ஃப்ரீக்வென்சியை (வடிவம் எவ்வளவு நெருக்கம் என்ற அளவு) அனிமேட் செய்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நாய்ஸை முதலிலிருந்து கணக்குப் போடுகிறது. மேகமும் நகராமல் ரப்பர் மாதிரி இழுபடுகிறது. சீட் எண்ணை (நாய்ஸ் கணக்கின் தொடக்க எண்) மாற்றினால் குபீரென்று வேறு மேகம். ஆக்டேவை 2 ஆக்கினால் மொழுக்கென்று ஆகிவிடுகிறது; நம்ம ஊர் சாரல் மேகம் அப்படியா இருக்கும்?

அப்புறம் ஃபில்டரை அசைக்காமல், ஒரே மேகத் துண்டை அடுத்தடுத்து வைத்து, சிஎஸ்எஸ் டிரான்ஸ்ஃபார்மால் (வரைந்த படத்தை அப்படியே இடம் மாற்றும் வழி) மட்டும் நகர்த்தினேன். சரளமாக ஓடுகிறது. ஆனால் ஸ்டிட்ச் டைல்ஸ் (துண்டுகளின் ஓரங்களைப் பொருத்தும் அமைப்பு) போட்டும் இரண்டு துண்டு சேருமிடத்தில் கோடு தெரிகிறது.

ஆடிக்குள் வெப்சைட் இணையத்தில் ஏற வேண்டும். அந்தக் கோடு விழாமலிருக்க ஃபில்டர் பரப்பின் அகலத்தை எப்படி வைக்க வேண்டும்?